விண்ணப்பத்துக்கும் முதல் தவணைக்கும் இடையே: செங்கல்பட்டு மாவட்டத்தில் மாற்றுத்திறனாளிகள் உதவித்தொகை

மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு உதவித்தொகையைப் பற்றி எழுதப்படுவனவற்றுள் பெரும்பகுதி, யார் விண்ணப்பிக்கலாம், எந்தெந்தச் சான்றுகளை இணைக்க வேண்டும் என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. விண்ணப்பம் பதிவாகி ஒப்புகைச் சீட்டு கைக்கு வந்த பிறகு என்ன நிகழ்கிறது, அது யார் மேசையில் எதற்காகக் காத்திருக்கிறது, மறுக்கப்பட்டால் எங்கே செல்வது, பணம் வரத் தொடங்கிய பின்னும் அது ஏன் சில வேளைகளில் நின்றுபோகிறது என்ற வினாக்கள் விண்ணப்பதாரரின் தலையிலேயே விடப்படுகின்றன. மதுராந்தகம் வட்டத்தில், பறவைகளுக்காக உலகறிந்த வேடந்தாங்கல் போன்ற ஒரு சிற்றூரிலிருந்து பார்க்கும்போது இந்தக் காத்திருப்பின் முழு நீளமும் தெரிகிறது. சான்று வழங்கும் மருத்துவக் குழு ஏறக்குறைய 30 கிலோமீட்டருக்கு அப்பால் செங்கல்பட்டில் இருக்கிறது. வட்டாட்சியர் அலுவலகம் மதுராந்தகத்தில் இருக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரின் அலுவலகம் மீண்டும் செங்கல்பட்டில். நடக்க இயலாதவரும், பார்வையற்றவரும், மனவளர்ச்சி குன்றிய மகனைத் தனியே விட்டுச் செல்ல முடியாத தாயும் இந்த மூன்று இடங்களுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை செல்ல வேண்டியிருப்பது, திட்ட விளக்கங்கள் எதிலும் எழுதப்படாத, ஆனால் ஒவ்வொரு விண்ணப்பதாரரும் நிறைவேற்றியாக வேண்டிய ஒரு நிபந்தனையாகும்.

இந்த உதவியின் வரலாறு அரை நூற்றாண்டைக் கடந்தது. 1962இல் முதியோர் ஓய்வூதியத்தைத் தொடங்கிய தமிழ்நாடு, 1974இல் உடல் ஊனமுற்றோருக்கும் அதை விரிவுபடுத்தியது. அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ‘ஆதரவற்ற’ என்ற சொல் இருந்தது. குறைபாடு மட்டும் போதாது, தாங்குவதற்கு ஆள் இல்லாதவராகவும் இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். 1995ஆம் ஆண்டின் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்றது. அதன் இடத்தில் வந்து 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அவற்றை 21 ஆக உயர்த்தியதுடன், உதவியைக் கருணை என்ற நிலையிலிருந்து உரிமை என்ற நிலைக்கு மாற்றியது. ஆனால் சட்டம் மாறிய வேகத்தில் விசாரணையின் மனப்பான்மை மாறவில்லை. குறைபாட்டை அளப்பது ஒரு துறையின் வேலையாகவும், குடும்பத்தின் வறுமையை அளப்பது இன்னொரு துறையின் வேலையாகவும் இன்றும் பிரிந்தே கிடக்கின்றன. விண்ணப்பதாரர் சந்திக்கும் தாமதங்களுள் பெரும்பாலானவை இந்தப் பிரிவினையிலிருந்தே பிறக்கின்றன.

தமிழ்நாட்டில் மாதாந்தர உதவிக்கு இரண்டு தனி வழிகள் உள்ளன என்பதையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும், ஏனெனில் எந்த வழியில் விண்ணப்பம் சென்றிருக்கிறது என்று தெரியாமலே பலர் காத்திருக்கின்றனர். முதலாவது, வருவாய்த் துறை வழங்கும் ஓய்வூதியம். மக்கள் பேச்சில் இதுவும் முதியோர் பணத்தோடு சேர்த்து ‘ஓஏபி’ என்றே வழங்குகிறது. 80 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடைய, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்தினருக்கு 2009இல் மத்திய அரசு தொடங்கிய இந்திரா காந்தி தேசிய ஓய்வூதியமும், அந்த வரம்புக்குள் வராதவர்களுக்கான மாநில ஓய்வூதியமும் இதில் அடங்கும். இரண்டாவது, மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை. மனவளர்ச்சி குன்றியோர், தசைச் சிதைவு நோயால் பாதிக்கப்பட்டோர், தொழுநோயிலிருந்து குணமடைந்தோர் ஆகியோருக்கு 40 விழுக்காட்டிலிருந்தும், கடும் பாதிப்புடைய பிறருக்கு 75 விழுக்காட்டிலிருந்தும் வழங்கப்படும் இந்த உதவி மாதம் 2,000 ரூபாய் என்ற அளவுக்கு உயர்ந்தது. வருவாய்த் துறையின் ஓய்வூதியம் 2023 ஜனவரி முதல் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒருவர் இரண்டையும் பெற இயலாது. ஆகவே நல அலுவலகத்தில் விண்ணப்பித்தவர் வேறு ஓய்வூதியம் பெறவில்லை என்பதை வருவாய்த் துறை உறுதிசெய்ய வேண்டியிருக்கிறது, அந்த உறுதிக்காக ஒரு தனிக் காத்திருப்பும் சேர்ந்துகொள்கிறது.

எந்த வழியானாலும் முதல் வாயில் மருத்துவ மதிப்பீடுதான். முன்பு கையேடாக வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டையின் இடத்தில் இப்போது ‘யுடிஐடி’ எனப்படும் தனித்துவ அடையாள அட்டை வந்துவிட்டது. 2021 ஜூன் முதல் நாட்டில் எங்கும் ஊனச் சான்று இதற்கான இணையதளத்தின் வழியாகவே வழங்கப்பட வேண்டும் என்பது விதி. விண்ணப்பம் பதிவானவுடன் அது ஒரு மருத்துவமனைக்கு ஒதுக்கப்படுகிறது. மதிப்பீட்டுக்கு அழைப்பு வரும் வரை காத்திருப்பது இதன் முதல் கட்டம். 2017ஆம் ஆண்டு விதிகள் சான்று வழங்க ஒரு மாத காலமே அளித்தன. 2024 அக்டோபரில் செய்யப்பட்ட திருத்தம் அதை மூன்று மாதங்களாக நீட்டித்ததோடு, இரண்டு ஆண்டுகள் முடிவு எட்டாமல் கிடக்கும் விண்ணப்பம் செயலற்றதாகிவிடும் என்றும் கூறுகிறது. தாமதத்தைக் குறைப்பதற்குப் பதிலாகத் தாமதத்துக்கு விதியிலேயே இடம் தந்ததாகவே இந்தத் திருத்தத்தைக் கொள்ள வேண்டும். அதே திருத்தத்தின்படி, 40 விழுக்காட்டுக்குக் குறைந்தவர்க்கு வெள்ளை, 40 முதல் 80க்குள் உள்ளவர்க்கு மஞ்சள், 80உம் அதற்கு மேலும் உள்ளவர்க்கு நீலம் என அட்டைகள் நிறம் பிரிக்கப்பட்டுள்ளன.

விழுக்காடு என்பது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது விண்ணப்பதாரருக்கு யாரும் விளக்காத ஒன்று. பெரும்பாலான ஏமாற்றங்கள் இங்கேதான் தொடங்குகின்றன. மத்திய அரசு 2018 ஜனவரியில் வெளியிட்டு, 2024 மார்ச்சில் திருத்திய வழிகாட்டு நெறிகள் ஒவ்வொரு குறைபாட்டுக்கும் தனி அளவுகோலைத் தருகின்றன. 2018இன் அட்டவணைப்படி, ஒரு கண்ணின் பார்வையை முழுமையாக இழந்து மற்றொரு கண் நல்ல நிலையில் இருப்பவருக்குக் கிடைப்பது 30 விழுக்காடு. மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களில் உளிமுனையிலிருந்து தெறிக்கும் கற்சில் ஒரு கண்ணைப் பறித்துவிட்டால், ஆழத்தையும் தொலைவையும் கண்ணால் அளந்தே செய்ய வேண்டிய அந்தத் தொழிலில் அவருடைய இழப்பு பாதிக்கும் மேலானது. ஆனால் சான்றில் அது 40ஐ எட்டாது. உறுப்பின் இழப்பை அளக்கும் அட்டவணை, அந்த உறுப்பைக் கொண்டு செய்யப்பட்ட பிழைப்பை அளப்பதில்லை.

ஒருவருக்கு இரண்டு குறைபாடுகள் இருக்கும்போது அவற்றைக் கூட்டிக்கொள்வதே இயல்பான எதிர்பார்ப்பு. வழிகாட்டு நெறிகளின் சூத்திரம் அவ்வாறு அமையவில்லை. பெரிய விழுக்காட்டை அப்படியே எடுத்துக்கொண்டு, 90இலிருந்து அதைக் கழித்து, மீதியைச் சிறிய விழுக்காட்டால் பெருக்கி, 90ஆல் வகுத்து வரும் தொகையை மட்டுமே அதனோடு சேர்க்க வேண்டும். கால் குறைபாடு 50, செவிக் குறைபாடு 45 என்று மதிப்பிடப்பட்ட ஒருவர் தம்மை 95 விழுக்காட்டினராகக் கருதிக்கொண்டு வருவார். சூத்திரத்தின்படி அவருக்குக் கிடைப்பது 50உம் 20உம் சேர்ந்த 70. பராமரிப்பு உதவித்தொகைக்குரிய 75ஐ அவர் ஐந்து விழுக்காட்டில் தவறவிடுகிறார். மருத்துவர் குறைத்து எழுதிவிட்டார் என்ற மனத்தாங்கலோடு வீடு திரும்புபவர்களுள் பலருக்கு நேர்ந்தது இந்தக் கணக்குத்தான். மதிப்பீட்டின் முடிவில் இதை இரண்டு வரிகளில் எழுதிக் கொடுப்பது மருத்துவக் குழுவுக்குப் பெரிய சுமையாகாது.

சான்று நிரந்தரமானதா, தற்காலிகமானதா என்பதும் கவனிக்கத்தக்கது. நிலைமை மாறக்கூடும் என்று கருதப்படும் குறைபாடுகளுக்கும், வளரும் குழந்தைகளின் அறிவுத்திறன் குறைபாட்டுக்கும் காலவரையறையுள்ள சான்றே தரப்படுகிறது. அறிவுத்திறன் குறைபாட்டில் 18 வயதில் செய்யப்படும் மதிப்பீட்டுக்குப் பிறகே வாழ்நாள் சான்று கிடைக்கிறது. சான்றின் காலாவதி நாளைக் குறித்துவைத்துக்கொண்டு, அதற்குச் சில மாதங்கள் முன்னரே புதுப்பிக்க விண்ணப்பிக்காத குடும்பங்கள், உதவித்தொகை நின்ற பிறகே காரணத்தை அறிகின்றன. இத்தகைய குழந்தைகளைப் பொறுத்தவரை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இந்த மாவட்டத்துக்கு வாய்த்த பெரும் பேறு. ஆனால் வேடந்தாங்கலிலிருந்து அதை அடையப் பேருந்து மாறி மாறிச் செல்ல வேண்டும் என்பதால், கடற்கரை ஊர்களுக்கு அருகில் இருக்கும் அந்த உதவி உள்நாட்டு ஏரிக்கரை ஊர்களுக்குத் தொலைவிலேயே இருக்கிறது.

மருத்துவச் சான்றுக்குப் பிறகு தொடங்குவது வருவாய் விசாரணை. இ-சேவை மையத்தில் பதியப்படும் ஓய்வூதிய விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலருக்கும், அவருடைய பரிந்துரையோடு வருவாய் ஆய்வாளருக்கும், இறுதியில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் தனி வட்டாட்சியருக்கும் செல்கிறது. அனுமதிக்கும் அதிகாரம் கடைசியாகச் சொன்னவரிடமே இருந்தாலும், கோப்பின் தலைவிதி பெரும்பாலும் முதலாமவரின் நேரடி விசாரணையில் முடிவாகிறது. வீடு ஓடா, ஓலையா, பட்டா யார் பெயரில், மகன் வேலைக்குப் போகிறானா என்பன அங்கே எழும் கேள்விகள். 1974இன் ‘ஆதரவற்ற’ என்ற சொல் திட்டத்தின் பெயரிலிருந்து நீங்கினாலும், அதன் நிழல் இந்தக் கேள்விகளில் நீங்கவில்லை. சம்பாதிக்கும் மகன் இருப்பது வேறு, அந்த மகன் பெற்றவரைக் காப்பது வேறு. தாளில் முதலாவது மட்டுமே பதிவாகிறது. விசாரணைக்கு வரும் அலுவலரிடம் குடும்பத்தின் மருந்துச் செலவு, உடனிருந்து பார்த்துக்கொள்பவர் இழக்கும் கூலி ஆகியவற்றையும் எழுத்தில் கொடுத்துவைப்பது பயனுடையது, ஏனெனில் பின்னர் மேல்முறையீட்டில் தாளில் இருப்பது மட்டுமே பேசும்.

ஆவணங்களே இல்லாதவர்களின் நிலை இன்னும் கடினமானது. செங்கல்பட்டு மாவட்டத்தின் ஏரிக்கரைகளிலும் கடற்கரை ஓரங்களிலும் சிதறி வாழும் இருளர்களுள், பிறப்புச் சான்றும் சாதிச் சான்றும் நிலையான முகவரியும் இல்லாத குடும்பங்கள் பல. பாம்புக் கடியால் விரலையோ காலையோ இழக்கும் ஆபத்து இந்தச் சமூகத்தின் வாழ்வோடு பின்னியது. குறைபாடு கண்முன் தெரிந்தாலும், பிறந்த தேதியை நிறுவ முடியாதவருக்கு இணைய விண்ணப்பத்தின் முதல் பக்கமே கடக்க முடியாத சுவராகிவிடுகிறது. இவர்களை அலுவலகம் வரச் சொல்வதைவிட, அலுவலகமே இவர்கள் குடியிருப்புக்குச் செல்லும் சிறப்பு முகாம்களே சரியான முறையாகும்.

தகுதி உறுதியான பின்னும் பணம் உடனே வருவதில்லை. பராமரிப்பு உதவித்தொகையில் ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் நிதிக்கேற்ப எண்ணிக்கை வரையறுக்கப்படுவதால், தகுதியுள்ளவர்கள் காத்திருப்போர் பட்டியலில் வைக்கப்படுகின்றனர். புதிய ஒதுக்கீடு வந்தாலோ, ஏற்கெனவே பெற்றுவந்தவர் இறந்தாலோதான் இடம் காலியாகிறது. ஒருவரின் இறப்பை எதிர்நோக்கி இன்னொருவரின் உரிமை நிற்பது, உரிமை என்ற சொல்லோடு எவ்வகையிலும் பொருந்தாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் 11.79 லட்சம் மாற்றுத்திறனாளிகளைப் பதிவுசெய்தது. 2022 டிசம்பர் 3 அன்று அறிவிக்கப்பட்ட ஓய்வூதிய உயர்வால் பயன்பெறுவோராக அரசு குறிப்பிட்ட எண்ணிக்கை ஏறத்தாழ 4.39 லட்சம். இரண்டு எண்களும் ஒரே அளவுகோலால் வந்தவை அல்ல. எனினும் அவற்றுக்கு இடையிலுள்ள தொலைவு கண்ணை உறுத்துவது.

மறுப்பு வந்தால் அதை முடிவாகக் கொள்ள வேண்டியதில்லை. சான்று மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது மத்திய விதிகளின் கட்டளை. சான்றளிக்கும் அதிகாரியின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையைச் சட்டத்தின் 59ஆம் பிரிவு தருகிறது. ஓய்வூதிய விண்ணப்பம் தள்ளுபடியானால், திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் குறைதீர் கூட்டத்தில் மனு அளிப்பது வழக்கமான முதல் படி. மனுவின் நிலையும் தள்ளுபடிக்கான காரணமும் தெரியாதபோது, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் விண்ணப்பித்தால் 30 நாட்களுக்குள் பதில் தரப்பட வேண்டும். தூங்கும் கோப்பை எழுப்பும் வலிமை பத்து ரூபாய்க் கட்டணத்திலான இந்த விண்ணப்பத்துக்கு உண்டு. இவற்றுக்கும் மேலே, உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய சில அதிகாரங்களைக் கொண்ட, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். 40 விழுக்காட்டுக்குக் கீழ் சான்று பெற்றவர்களும் முழுவதும் கைவிடப்பட்டவர்கள் அல்லர். விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021இல் அளித்த தீர்ப்பு, தேர்வில் எழுத்தர் உதவி போன்ற நியாயமான ஏற்பாடுகளைப் பெற 40 விழுக்காடு முன்நிபந்தனை அல்ல என்று தெளிவாக்கியது. அந்தத் தீர்ப்பு ஓய்வூதியத்தைத் தராது. ஆனால் விழுக்காடுதான் மனிதரின் எல்லை என்ற எண்ணத்தை உடைத்தது.

முதல் தவணை வந்த பிறகு எழும் சிக்கல்கள் வேறு வகையானவை. முன்பு அஞ்சல்காரர் பணவிடையாகக் கொண்டுவந்து கொடுத்த தொகை இப்போது வங்கிக் கணக்குக்குச் செல்கிறது. சிற்றூர்களில் அதை வங்கி முகவர் கைரேகைக் கருவியின் உதவியால் வழங்குகிறார். கைரேகையே தேய்ந்தவருக்கு, விரல்களே இல்லாதவருக்கு, இந்தக் கருவி எதிரியாகிறது. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1955இல் மத்தியத் தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. தொழுநோய்ச் சிகிச்சையின் நெடிய வரலாற்றைக் கொண்ட இந்த மாவட்டத்தில், நோயிலிருந்து குணமடைந்தும் விரல்களை இழந்தவர்கள் உதவித்தொகைக்குத் தகுதி பெற்ற பின், அதைக் கையில் வாங்கும் இடத்தில் தடுக்கப்படுவது கொடுமை. கண் கருவிழி வழியும் முக அடையாள வழியும் சரிபார்க்க ஆதார் முறையிலேயே இடம் உண்டு. மின்னணு வாடிக்கையாளர் சரிபார்ப்பு மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டக்கூடியதாக இருப்பது வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றமும் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்துள்ளது. ஆகவே முகவரின் கருவி மறுத்தால், வங்கிக் கிளையில் மாற்று வழியைக் கேட்பது சலுகை கோருவதாகாது. அறிவுத்திறன் குறைபாடுடைய பிள்ளை 18 வயதை நிறைவு செய்யும்போது கணக்கை இயக்கச் சட்டப்படியான காப்பாளர் தேவைப்படும். தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999இன் கீழ் மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் அதற்கு முன்கூட்டியே விண்ணப்பிப்பது, பணம் முடங்குவதைத் தவிர்க்கும்.

இவ்வளவு தூரம் கடந்து கிடைக்கும் தொகையின் அளவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி, பிறருக்கான அதே வகைத் திட்டங்களைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயானது. அதன்மேல் 25 விழுக்காடு சேர்த்தால் வருவது சரியாக 1,500. சட்டம் தரையாக வைத்த அளவே இங்கே கூரையாகிவிட்டது. மத்திய அரசின் பங்கோ 80 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடையோருக்கு மட்டும் மாதம் 300 ரூபாய். 2012இல் 200இலிருந்து அந்த அளவுக்கு வந்தபின் பத்தாண்டுகளைக் கடந்தும் அது அசையவில்லை. அண்டை மாநிலமான ஆந்திரம் 2024இல் மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியத்தை 6,000 ரூபாயாகவும், முற்றிலும் படுக்கையில் இருப்போருக்கு 15,000 ரூபாயாகவும் உயர்த்தியது. அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம் தமிழ்நாட்டிலும் இதற்கு நிகரான உயர்வைக் கோரித் தொடர்ந்து போராடிவருவது, எல்லைக்கு அப்பால் நடைமுறையில் இருக்கும் ஒன்றைக் கேட்பதே.

ஆனால் தொகையைவிடவும் அடிப்படையான குறை ஒன்று உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் ஊனக் காப்பீட்டில் முதல் ஐந்து மாதங்களுக்குப் பணம் இல்லை, முதல் விண்ணப்பங்களுள் பெரும்பகுதி மறுக்கவும்படுகிறது. எனினும் இறுதியில் தகுதி உறுதியானால் விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டு வரைகூட நிலுவை வழங்கப்படலாம். பிரிட்டனிலும் முடிவு எப்போது வந்தாலும் விண்ணப்பித்த நாளே கணக்கின் தொடக்கம். தமிழ்நாட்டில் நடைமுறை இதற்கு நேர்மாறானது. அனுமதி ஆணையை ஒட்டியே ஓய்வூதியம் தொடங்குகிறது; அதற்கு முந்தைய மாதங்களுக்கு நிலுவை இல்லை. மருத்துவக் குழுவின் தாமதமோ, விசாரணையின் தாமதமோ, பட்டியலின் நெருக்கடியோ எதுவானாலும் அதன் விலையை விண்ணப்பதாரரே செலுத்துகிறார். எட்டு மாதக் காத்திருப்பு என்பது 1,500 ரூபாய்க் கணக்கில் 12,000 ரூபாய் இழப்பு. தாமதத்தால் எதையும் இழக்காத அலுவலகத்துக்கு விரைந்து முடிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தங்களால், ஊராட்சிகள் உள்ளிட்ட உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகள் நியமன உறுப்பினர்களாக இடம்பெற வழி பிறந்துள்ளது. வேடந்தாங்கல் போன்ற ஊரின் ஊராட்சி மன்றத்தில் அமரும் அத்தகைய உறுப்பினர், தம் ஊரில் எத்தனை விண்ணப்பங்கள் எந்த மேசையில் எத்தனை நாட்களாகக் கிடக்கின்றன என்பதைக் கிராம சபையில் ஒவ்வொரு முறையும் படிக்கச் செய்ய வேண்டும். அரசு செய்ய வேண்டியது இதனினும் எளிது: ஒப்புகைச் சீட்டில் அச்சாகும் தேதியையே உதவித்தொகையின் தொடக்க நாளாக ஓர் அரசாணையால் அறிவிக்க வேண்டும். அதுவரை, அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். மறுப்பு எதுவானாலும் எழுத்தில் கேளுங்கள்.